மழைப்பாங்கின் அடிப்படையில் நிலப்பகுதிகளைத் தொகுத்தல்: காரியாபட்டி வட்டத்தை முன்வைத்துக் கொத்துப் பகுப்பாய்வு முறைகள் – ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நிலப்பகுதியின் மழை எந்தப் பகுதிகளின் மழையோடு சேர்த்து எண்ணப்படுகிறது என்பது வறட்சி அறிவிப்பு, பயிர்க் காப்பீடு, நீர்நிலை வடிவமைப்பு ஆகியவற்றில் நேரடி விளைவுகளை உண்டாக்குகிறது. நிருவாக எல்லைகள் மழையைக் கருதி வகுக்கப்பட்டவை அல்ல. ஆதலால் மழைத் தரவுகளைக் கொண்டே நிலப்பகுதிகளைத் தொகுக்கும் கொத்துப் பகுப்பாய்வு முறைகள் புள்ளியியலில் வளர்ந்துள்ளன. விருதுநகர் மாவட்டத்தின் காரியாபட்டி வட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அம்முறைகளின் அடிப்படைகளை இக்கட்டுரை விளக்குகிறது. எந்த மாறிகளைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே கொத்துகளின் வடிவத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. எனவே தொகுப்பின் பயன் என்ன என்பதை முதலில் வரையறுத்த பின்னரே மாறிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: மழைப்பாங்கு, கொத்துப் பகுப்பாய்வு, வடகிழக்குப் பருவமழை, காரியாபட்டி, மானாவாரி வேளாண்மை, வறட்சி, பயிர்க் காப்பீடு.

முன்னுரை

2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவத்தில் தமிழகம் பெற்ற மழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைவாக இருந்தது. 2017 ஜனவரி 10 அன்று மாநிலத்தின் அனைத்து மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டான 2015-இல் அதே பருவத்தின் மழை இயல்பைவிட 53 விழுக்காடு மிகுதியாக இருந்தது. இவ்விரு ஆண்டுகளிலும் விலகல் மிகப் பெரிதாக இருந்தமையால், மாநிலம் முழுவதையும் ஓர் எண்ணால் குறிப்பதில் பெரிய சிக்கல் எழவில்லை. விலகல் மிதமாக உள்ள ஆண்டுகளில்தான் சிக்கல் தோன்றுகிறது. ஒரு வட்டத்தில் விதைத்த பயிர் கருகும். மாவட்டச் சராசரியோ இயல்பான மழை என்று காட்டும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை, இயல்பிலிருந்து 19 விழுக்காடு வரை கூடினாலும் குறைந்தாலும் அதனை இயல்பான மழை என்று வகைப்படுத்துகிறது. 20 முதல் 59 விழுக்காடு வரை குறைந்தால் பற்றாக்குறை என்றும், 60 விழுக்காடும் அதற்கு மேலும் குறைந்தால் பெரும் பற்றாக்குறை என்றும் கொள்கிறது. இவ்வகைப்பாடு தெளிவானது. ஆயினும் எந்தப் பரப்பின் சராசரி கணக்கிடப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் முடிவு அமையும். அப்பரப்பை எவ்வாறு வரையறுப்பது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினாவாகும்.

1. மழையால் நிலத்தைப் பகுத்தல்: மரபும் நிறுவனமும்

நிலத்தையும் பருவத்தையும் இணைத்துப் பகுக்கும் எண்ணம் தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. முல்லைக்குக் காரும் குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுதுகளாக அமைகின்றன. ஓர் இடத்தின் இயல்பை அங்குள்ள மண் மட்டும் தீர்மானிப்பதில்லை, அங்கு வரும் பருவமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்ற புரிதல் இதில் உள்ளது. பாலையை நிலையான ஒரு நிலமாகக் கொள்ளாது, முல்லையும் குறிஞ்சியும் வளம் குன்றியபோது அடையும் நிலையாகச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. ஒரே இடம் எல்லாக் காலத்திலும் ஒரே வகையில் நிற்பதில்லை என்னும் இக்கருத்து, பின்னர்ப் பேசப்படும் கலப்பு உறுப்பாண்மைக்குத் தொலைவானதன்று. இவை இலக்கிய மரபின் வகைப்பாடுகளே. அளவீட்டு வகைப்பாட்டோடு இவற்றை ஒன்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

உழவர் வழக்கிலும் ஒருவகைத் தொகுப்பு உண்டு. ஆடிப்பட்டம், புரட்டாசிப் பட்டம், தைப்பட்டம் என விதைப்புக் காலத்தைப் பெயரிட்டு வழங்குதல், மழையின் பருவப் பங்கீட்டை அடிப்படையாகக் கொண்ட பகுப்பாகும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி எங்கும் வழங்கினும், வடகிழக்குப் பருவத்தையே நம்பியுள்ள கரிசல் மானாவாரி நிலங்களில் புரட்டாசிப் பட்டமே முதன்மை பெறுகிறது. பெய்த மழையை 'உழவு மழை' என்று மதிப்பிடும் வழக்கும் குறிப்பிடத்தக்கது. பெய்த அளவைக் காட்டிலும், பெய்த மழை நிலத்தில் எதைச் செய்ய உதவியது என்பதே அங்கு அளவுகோலாகிறது.

நிறுவன நிலையில், இந்திய வானிலை ஆய்வுத் துறை நாட்டை 36 வானிலை உட்பிரிவுகளாகப் பகுத்துள்ளது. தமிழ்நாடும் புதுச்சேரியும் காரைக்காலும் சேர்ந்து அவற்றுள் ஓர் உட்பிரிவு. நீலகிரி மலைச்சரிவும் இராமநாதபுரக் கடற்கரையும் அதனுள் ஒன்றாக அடங்கும். வேளாண் நோக்கில் தமிழகம் வடகிழக்கு, வடமேற்கு, மேற்கு, காவிரிப் படுகை, தெற்கு, மிகுமழை, மலைப்பகுதி என ஏழு வேளாண் தட்பவெப்ப மண்டலங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. விருதுநகர் மாவட்டம் தெற்கு மண்டலத்தில் அமைகிறது. இவ்வகைப்பாடுகள் பட்டறிவு, மண், பயிர், நிருவாக வசதி ஆகியவற்றைக் கருதி வல்லுநர்களால் வகுக்கப்பட்டவை. கொப்பன், தார்ன்த்வைட் ஆகியோரின் தட்பவெப்ப வகைப்பாடுகளில் எல்லை மதிப்புகள் முன்னரே நிறுவப்பட்டுள்ளன. கொத்துப் பகுப்பாய்வு இவற்றினின்றும் வேறுபடுவது ஓரிடத்தில்தான்: அதில் வகைகள் முன்னரே வகுக்கப்படுவதில்லை, தரவுகளின் ஒப்புமையிலிருந்து பெறப்படுகின்றன.

2. காரியாபட்டியும் விருதுநகர் மாவட்டத்தின் மழைப்புலமும்

1985-இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட விருதுநகர் மாவட்டம் ஏறத்தாழ 4,200 சதுர கி.மீ. பரப்புடையது. மேற்கில் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு ஆகிய வட்டங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளன. நடுவில் சிவகாசி, விருதுநகர், சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டங்களும், கிழக்கில் அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி வட்டங்களும் சமவெளியில் அமைகின்றன. மாவட்டத்தின் தென்பகுதி வைப்பாற்று வடிநிலத்தையும், காரியாபட்டியை உள்ளிட்ட வடகிழக்குப் பகுதி குண்டாற்று வடிநிலத்தையும் சார்ந்தவை.

காரியாபட்டி, மதுரை–அருப்புக்கோட்டை நெடுஞ்சாலையில், மதுரை மாவட்ட எல்லையை ஒட்டி அமைந்த வட்டம். கண்மாய்ப் பாசனமும் மானாவாரிச் சாகுபடியும் கலந்த இப்பகுதியில் பருத்தி, மக்காச்சோளம், சோளம், பயறு வகைகள் முதலியன பயிரிடப்படுகின்றன. வத்திராயிருப்பும் காரியாபட்டியும் ஏறத்தாழ ஒரே குறுக்குக்கோட்டில் உள்ளன. இடைத்தொலைவு ஏறத்தாழ 50 கி.மீ. எனினும் முன்னதன் அருகில் மலையும் பிளவக்கல் அணைகளும் உள்ளன. பின்னது மலையிலிருந்து விலகிய திறந்த சமவெளி.

இவ்வேறுபாடு மழையின் தோற்றத்தோடு தொடர்புடையது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கத்துச் சரிவுகளில் ஈரத்தைப் பெரும்பாலும் இழந்த பின்னரே கிழக்கே இறங்குகிறது. ஆதலால் மாவட்டம் முழுவதும் மழை மறைவுப் பகுதியாகிறது. கோடையிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் பெய்யும் இடிமழை நிலத்தின் வெப்பத்தாலும் மலையின் அருகாமையாலும் தூண்டப்படுவது; ஓர் ஊரில் கொட்டிவிட்டு அடுத்த ஊரில் தூறலோடு நின்றுவிடும் இயல்புடையது. வடகிழக்குப் பருவமழையோ வங்கக் கடலில் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வுகளாலும் கிழக்குத் திசை அலைகளாலும் வருவது. பரந்த நிலப்பரப்பை ஒரே நாளில் நனைக்கக்கூடியது. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி இப்பருவத்தில் கிடைக்கிறது.

ஆக, ஒரே ஆண்டில் ஒரே மாவட்டத்தில் மழையின் வெவ்வேறு வினைமுறைகள் செயல்படுகின்றன. அவற்றுள் எதைக் கருதுகிறோம் என்பதைப் பொறுத்துக் காரியாபட்டியின் கூட்டாளிகள் மாறக்கூடும். நிருவாகத்தில் அது இராஜபாளையத்தோடும், நீரோட்டத்தில் குண்டாற்று வடிநிலத்தின் திருச்சுழி, கமுதி முதலிய ஊர்களோடும், அருகாமையில் திருமங்கலத்தோடும் சேர்கிறது. மழையில் எதனோடு சேர்கிறது என்பது தரவுகளைக் கொண்டு விடை காண வேண்டிய வினா.

3. கொத்துப் பகுப்பாய்வின் அடிப்படை

கொத்துப் பகுப்பாய்வின் தொடக்கப் படி, ஒவ்வொரு மழை நிலையத்தையும் சில எண்களின் வரிசையாகக் குறிப்பதாகும். அவ்வெண்கள் பன்னிரண்டு மாதச் சராசரிகளாகவோ, நான்கு பருவங்களின் மழையளவாகவோ, மழைநாள்களின் எண்ணிக்கையாகவோ அமையலாம். அடுத்த படி, இரு நிலையங்களுக்கு இடையே 'தொலைவு' காண்பது. இங்குத் தொலைவு என்பது கிலோமீட்டர் கணக்கன்று; மழைப்பண்புகளின் வேறுபாட்டின் அளவு. எண்களின் வேறுபாடுகளை வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் காணும் யூக்ளிடியத் தொலைவு பெரிதும் பயன்படுகிறது.

இத்துறையின் வரலாற்றில் இந்தியப் பங்களிப்பு முதன்மையானது. மாறிகள் ஒன்றோடொன்று ஒட்டுறவு கொண்டிருப்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் தொலைவளவையைப் பி.சி. மகலனோபிஸ் 1936-இல் வெளியிட்டார். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய அவர், 1920-களில் கல்கத்தாவின் அலிப்பூர் வானிலை ஆய்வகத்தில் பணியாற்றியவர். ஒரிசாவின் வெள்ளங்களைப் புள்ளியியல் நோக்கில் ஆராய்ந்தவர். மனித உடலளவுகளைக் கொண்டு மக்கள் குழுக்களை ஒப்பிடப் பயன்பட்ட அவரது தொலைவளவை, இன்று தட்பவெப்ப ஆய்வுகளிலும் கையாளப்படுகிறது.

தொலைவுகள் கிடைத்த பின் தொகுக்கும் முறைகள் இரு பெரும் வகையின. முதலாவது படிநிலைக் கொத்தாக்கம். ஒவ்வொரு நிலையத்தையும் தனிக் கொத்தாகக் கொண்டு தொடங்கி, மிக நெருங்கிய இரண்டை இணைத்து, அவ்விணைப்பைத் தொடர்ந்து செய்து, இறுதியில் அனைத்தும் ஒரே கொத்தாகும் வரை செல்வது. இணைப்புகளின் வரிசையைக் கிளைப்படமாக வரையலாம். ஒவ்வொரு படியிலும் கொத்துகளின் உள்வேறுபாடு மிகக் குறைவாகவே பெருகும்படி இணையைத் தேர்ந்தெடுப்பது 1963-இல் வார்டு முன்வைத்த முறை. இரண்டாவது, 1967-இல் மெக்குயீன் பெயரிட்ட கே-சராசரி முறை. கொத்துகளின் எண்ணிக்கையை முன்னரே முடிவு செய்து, ஒவ்வொரு நிலையத்தையும் அதற்கு நெருங்கிய மையத்தில் சேர்த்து, மையங்களை மீண்டும் கணக்கிட்டு, மாற்றம் நிற்கும் வரை இதனைத் திரும்பச் செய்வது. தொடக்க மையங்கள் மாறினால் முடிவும் மாறக்கூடும். ஆதலால் பல தொடக்கங்களைக் கொண்டு சரிபார்த்தல் இன்றியமையாதது.

இவ்விரு முறைகளும் ஏறத்தாழ ஒத்த அளவும் உருண்ட வடிவமும் உடைய கொத்துகளை நோக்கிச் சாய்பவை. மலையடிவாரத்தை ஒட்டி நீண்டு ஒடுங்கிய பட்டையாக அமையும் மழைப்பகுதியை இவை வெட்டிவிடக்கூடும் என்பதை விருதுநகர் போன்ற மாவட்டங்களில் கருத்தில் கொள்ள வேண்டும்.

4. எதை அளப்பது? ஒரு விளக்கக் கணக்கு

மாறிகளின் தேர்வு முடிவை எவ்வாறு மாற்றுகிறது என்பதை எளிய கணக்கால் காட்டலாம். கீழ்வரும் எண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. எந்த நிலையத்தின் பதிவும் அல்ல. குளிர்காலம், கோடை, தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் என்ற வரிசையில் 'அ' நிலையத்தின் மழை 20, 140, 280, 360 மி.மீ. எனக் கொள்வோம், மொத்தம் 800. 'ஆ' நிலையத்தில் 40, 120, 120, 520, மொத்தம் 800. 'இ' நிலையத்தில் 30, 90, 90, 390, மொத்தம் 600.

ஆண்டு மழையை மட்டும் மாறியாகக் கொண்டால் அ, ஆ ஆகியவற்றுக்கு இடையே தொலைவு சுழி. அவை ஒரே கொத்து. 'இ' தனித்து நிற்கும். பருவப் பங்கீட்டை விழுக்காடாகக் கொண்டால் ஆ, இ இரண்டும் 5, 15, 15, 65 என ஒன்றாகவே அமைகின்றன; அவற்றின் தொலைவு சுழி. அ–ஆ தொலைவோ 28.5. இப்போது ஆ, இ ஒரு கொத்து. 'அ' தனித்து நிற்கும். பருவ மழையை மி.மீ. அளவிலேயே கொண்டால் அ–ஆ தொலைவு 228, அ–இ 199, ஆ–இ 137 என வரும். மீண்டும் ஆ, இ இணையும். நிலையங்கள் மூன்று, தரவு ஒன்று, கணக்கு முறையும் ஒன்றே. மாறியைத் தேர்ந்தெடுத்த முறையால் மட்டும் கூட்டாளிகள் மாறிவிட்டனர்.

இதில் எது சரி என்று கேட்பதைவிட எதற்காக என்று கேட்பதே பொருத்தம். குடிநீர்த் திட்டத்திற்கு ஆண்டு மொத்தம் பொருத்தமான மாறியாக இருக்கலாம். விதைப்பு நாட்காட்டிக்குப் பருவப் பங்கீடு தேவை. 'அ' நிலையத்தின் உழவர் தென்மேற்குப் பருவத்திலேயே விதைக்க இயலும். 'ஆ' நிலையத்தின் உழவர் புரட்டாசிக்குக் காத்திருப்பார். அவ்விருவரையும் ஒரே பட்டியலில் சேர்த்து ஒரே விதைப்பு அறிவுரையை வழங்குவது பயன் தராது.

மாறிகளை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் தரப்படுத்தலிலும் எச்சரிக்கை வேண்டும். ஒவ்வொரு மாறியையும் அதன் திட்ட விலக்கத்தால் வகுக்கும்போது எல்லா மாறிகளும் சம எடை பெறுகின்றன. தென்மாவட்டங்களில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் மழை சிறியது, ஒழுங்கற்றது. தரப்படுத்தலுக்குப் பின் அது வடகிழக்குப் பருவத்திற்கு இணையான எடையைப் பெற்று, தற்செயல் வேறுபாடுகளைக் கொத்துகளாகக் காட்டிவிடக்கூடும். ஆண்டு மொத்தத்தையும் நான்கு பருவ அளவுகளையும் ஒருசேர மாறிகளாகக் கொள்வதும் பிழையானது. மொத்தம் என்பது பருவங்களின் கூட்டுத்தொகையே ஆதலால் ஒரே செய்தி இருமுறை எண்ணப்படுகிறது. மகலனோபிஸ் தொலைவையோ முதன்மைக் கூறுகள் பகுப்பாய்வையோ கையாளுதல் இக்குறையைத் தணிக்கும்.

5. சராசரியின் ஒப்புமையும் சேர்ந்து பொய்த்தலும்

இரு நிலையங்களின் நீண்டகாலச் சராசரிகள் ஒத்திருக்கலாம். ஆனால் ஒன்றில் மழை பொய்த்த ஆண்டில் மற்றதில் நன்கு பெய்திருக்கலாம். சராசரிகளின் ஒப்புமை ஒன்று. ஆண்டுதோறும் சேர்ந்து ஏறி இறங்குதல் வேறு. இவ்வேறுபாட்டை இந்தியத் தட்பவெப்ப ஆய்வு வரலாறே காட்டுகிறது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த சுலோசனா காட்கில், ஆர்.என். ஐயங்காருடன் இணைந்து 1980-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியத் தீபகற்பத்தின் மழை நிலையங்கள் கொத்துப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தப்பட்டன. ஆண்டினுள் மழை பரவியிருக்கும் பாங்கு அதில் அடிப்படையாயிற்று. 1993-இல் காட்கில், யதுமணி, ஜோஷி ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, கோடைப் பருவமழையின் ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டுறவு கொண்ட பகுதிகளை 'ஒத்திசைவு மழை மண்டலங்கள்' என வகுத்தது. முதல் ஆய்வு "எங்கெங்கு மழை ஒரே காலத்தில் வருகிறது?" என்று வினவியது, இரண்டாவது "எங்கெங்கு மழை ஒரே ஆண்டில் பொய்க்கிறது?" என்று வினவியது.

புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 306 மழை நிலையங்களைக் கொண்டு 1871 முதல் தொகுத்த நீண்டகாலத் தொடர்களும், ஒருசீர் மழைப்பகுதிகள் என்னும் கருத்தை நாடளவில் நிலைநாட்டின. ஆனால் நாடளவிலான இத்தகைய ஆய்வுகளில் தென்மேற்குப் பருவமே மையமாக இருந்துள்ளது. வடகிழக்குப் பருவத்தை நம்பி வாழும் காரியாபட்டி போன்ற பகுதிகளுக்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையின் ஆண்டுத் தொடர்களை அடிப்படையாகக் கொண்டு ஒட்டுறவுத் தொலைவைக் கணக்கிடுவதே பொருத்தமுடையது. ஒட்டுறவுக் கெழுவை ஒன்றிலிருந்து கழித்துத் தொலைவாகக் கொள்ளுதல் இதற்கான எளிய வழி. தாழ்வுநிலைகள் பரந்த பரப்பை நனைப்பவை ஆதலால் வடகிழக்குப் பருவத்தின் மொத்தத்தைக் கொண்டு அமைக்கும் கொத்துகள் அகன்றவையாகவும், இடிமழையே மிகுந்த கோடை மழையைக் கொண்டு அமைக்கும் கொத்துகள் சிதறியவையாகவும் அமையும் என எதிர்பார்க்கலாம். இவ்வாறு அமைந்தால் மட்டுமே கொத்துகளுக்கு வானிலையியல் பொருள் உண்டு என்று கொள்ளலாம்.

6. கொத்துகளின் எண்ணிக்கையும் நம்பகத்தன்மையும்

கொத்துப் பகுப்பாய்வின் நெறிமுறைகள் எந்தத் தரவைக் கொடுத்தாலும் கொத்துகளைத் தந்துவிடும். இயற்கையில் பிரிவு இல்லாதபோதும் அவை பிரித்துக் காட்டும். ஆதலால் முடிவைச் சோதிப்பது ஆய்வாளரின் கடமையாகிறது. ஒவ்வொரு நிலையமும் தன் கொத்தோடு எவ்வளவு நெருங்கியும் அடுத்த கொத்திலிருந்து எவ்வளவு விலகியும் உள்ளது என்பதை ஒன்று முதல் எதிர்ம ஒன்று வரையிலான எண்ணால் காட்டும் சில்லவுட் அளவை 1987-இல் ரூசோ முன்வைத்தார். மழை, வெள்ளம் பற்றிய ஆய்வுகளில் ஹாஸ்கிங், வாலிஸ் ஆகியோர் 1997-இல் விரிவாக விளக்கிய ஒருசீர்மைச் சோதனை பெரிதும் பயன்படுகிறது. ஒரு கொத்திலுள்ள நிலையங்களின் பரவல் வேறுபாடு தற்செயலாக எதிர்பார்க்கத்தக்க அளவை மிஞ்சுகிறதா என்பதை அச்சோதனை மதிப்பிடுகிறது.

இச்சோதனை ஏட்டளவிலானதன்று. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. இத்தகைய பெருமழை எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை நேரும் என்பதை ஒரு நிலையத்தின் சில பத்தாண்டுப் பதிவைக் கொண்டு மதிப்பிட இயலாது. ஒருசீரான கொத்தின் எல்லா நிலையங்களின் பதிவுகளையும் இணைத்தே மதிப்பிட வேண்டும். அக்கொத்தின் எல்லை கடற்கரையோடு நிற்குமா, உள்நாட்டுச் சமவெளிக்கும் நீளுமா என்பதற்கு ஏற்பக் கண்மாய்க் கலிங்குகளும் தரைப்பாலங்களும் தாங்க வேண்டிய வெள்ளத்தின் அளவு மாறும். தவறான கொத்தில் சேர்க்கப்பட்ட ஊர், தேவையற்ற செலவைச் சுமக்கும். அல்லது உடையும் கரையைப் பெறும்.

தரவின் தன்மையும் கவனத்திற்குரியது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1901 முதலான அன்றாட மழையை 0.25 பாகைக் கட்டங்களாக வழங்குகிறது. ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 27 கி.மீ. விருதுநகர் மாவட்டத்தின் பரப்பு இத்தகைய ஆறு கட்டங்களுக்கும் குறைவு. மேலும் கட்ட மதிப்புகள் அருகிலுள்ள மழைமானிகளிலிருந்து இடைக்கணிப்பால் பெறப்பட்டவை. ஒரே மழைமானியின் பதிவு அண்டைக் கட்டங்கள் பலவற்றில் கலந்திருப்பதால் அவை ஒத்திருப்பதுபோல் தோன்றும். அவ்வொப்புமை மழையினுடையது அன்று, கணிப்பு முறையினுடையது. ஆதலால் மாவட்ட அளவிலான ஆய்வுக்குக் காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை, பிளவக்கல், வத்திராயிருப்பு முதலிய மழைமானிகளின் நேரடிப் பதிவுகளே முதன்மைச் சான்றாக அமைய வேண்டும். விடுபட்ட நாள்களும், மழைமானி இடம் மாறிய காலமும் முன்னரே சரிபார்க்கப்பட வேண்டும்.

எல்லையில் நிற்கும் நிலையங்களுக்குக் கலப்பு உறுப்பாண்மை முறை பொருந்தும். டன் 1973-இலும் பெஸ்டெக் 1981-இலும் வளர்த்தெடுத்த இம்முறையில் ஒரு நிலையம் ஒரே கொத்துக்கு முழுமையாக உரியதாக வேண்டியதில்லை, ஒன்றில் 0.6, மற்றொன்றில் 0.4 எனப் பங்குகொள்ளலாம். மதுரைச் சமவெளிக்கும் கரிசல் பகுதிக்கும் இடைப்பட்ட காரியாபட்டியை ஏதேனும் ஒரு பக்கம் தள்ளுவதைவிட, அதன் இடைநிலையை அளந்து காட்டுவது நேர்மையான முடிவாக அமையக்கூடும்.

7. தொகுப்பின் விளைவுகள்

மாவட்டச் சராசரி எவ்வாறு பற்றாக்குறையை மறைக்கிறது என்பதை மற்றொரு விளக்கக் கணக்கால் காணலாம். ஒரு மாவட்டத்தின் மேற்குப் பாதியின் இயல்பு மழை 1,000 மி.மீ., கிழக்குப் பாதியின் இயல்பு 700 மி.மீ. எனக் கொள்வோம். ஓர் ஆண்டில் மேற்கில் 1,000 மி.மீ. முழுமையாகப் பெய்கிறது, கிழக்கில் 490 மி.மீ. மட்டுமே பெய்கிறது. கிழக்கின் குறைவு 30 விழுக்காடு; அது பற்றாக்குறை. ஆனால் மாவட்ட இயல்பு 850, பெய்தது 745, குறைவு 12 விழுக்காடு. அது 'இயல்பான மழை'. கிழக்குப் பாதியின் உழவர் இழந்த விளைச்சல் மாவட்டக் கணக்கில் இடம்பெறவே இல்லை.

மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட வறட்சி மேலாண்மைக் கையேடு, மழை விலகலோடு வறண்ட இடைவெளி, மண் ஈரம், பயிர்நிலை முதலிய குறியீடுகளையும் கருதச் சொல்கிறது. அதே ஆண்டு தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம், தமிழகத்தில் வருவாய்க் கிராமம் அல்லது பிர்கா அளவில் அலகுகளை அறிவிக்கிறது. மழையின்மையால் ஓர் அலகின் 75 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பரப்பில் விதைக்க இயலாமற் போனால், காப்பீட்டுத் தொகையில் 25 விழுக்காடு வழங்க அத்திட்டம் இடமளிக்கிறது. வானிலை அடிப்படையிலான காப்பீட்டில் இழப்பீடு, மேற்கோள் வானிலை நிலையத்தின் பதிவைப் பொறுத்தது. ஒவ்வொரு கிராமத்திலும் நீண்டகாலப் பதிவுடைய மழைமானி இல்லாத நிலையில், எந்த நிலையத்தின் பதிவு எந்தக் கிராமத்திற்குச் சான்றாகும் என்ற வினா எழுகிறது. அருகில் இருப்பது என்ற ஒரே காரணத்தால் ஒரு நிலையத்தைச் சான்றாகக் கொள்ளுதல் போதாது. விதைப்புக் காலத்தில் இரண்டும் சேர்ந்து வறள்கின்றனவா என்று பார்த்தே கொள்ள வேண்டும். ஐந்தாம் பகுதியில் கூறிய ஒட்டுறவுக் கொத்து இங்குப் பயன்படுகிறது.

அதே மாவட்டத்தின் பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களுக்குத் தேவைப்படும் தொகுப்போ முற்றிலும் வேறு. வறண்ட வானிலையைச் சார்ந்து சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் இத்தொழில்கள் வளர்ந்தன. அங்கு மழையின் மொத்த அளவைக் காட்டிலும், வெயிலில் உலர்த்தத்தக்க நாள்களின் எண்ணிக்கையும் அவை தொடர்ந்து அமையும் நீளமுமே முதன்மையானவை. ஈரம் பட்ட வேதிக்கலவை விபத்துக்குக் காரணமாகலாம் என்பதால் இடிமழை திடீரென வரும் மாதங்கள் எவை என்பதும் முக்கியம். உழவர் மழைநாளை எண்ணும் அதே பதிவிலிருந்து இத்தொழிலார் மழையற்ற நாளை எண்ணுவர். அவ்விரு எண்ணிக்கைகளும் ஒரே வரைபடத்தைத் தரும் என்று எதிர்பார்க்க இயலாது.

முடிவுரை

மழைப்பாங்கின் அடிப்படையில் நிலப்பகுதிகளைத் தொகுத்தல் கணினி தரும் முடிவாகத் தோன்றினாலும், அதன் தொடக்கம் ஆய்வாளர் எழுப்பும் வினாவில் உள்ளது. ஆண்டு மொத்தம், பருவப் பங்கீடு, ஆண்டுதோறுமான ஏற்ற இறக்கம், வறண்ட இடைவெளி ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி வரைபடத்தைத் தரவல்லது. ஆகவே விருதுநகர் மாவட்டத்திற்கு ஒரே மழை வரைபடத்தைத் தேடுவதைவிட, விதைப்பு, காப்பீடு, வெள்ளக் காப்பு, தொழில் ஆகிய ஒவ்வொரு பயனுக்கும் உரிய மாறிகளைக் கொண்டு தனித்தனியே தொகுத்து, அவை எங்கு ஒன்றுகின்றன, எங்கு மாறுபடுகின்றன என்று ஒப்பிடுவதே பயன்தரும்.

அவ்வாறான ஆய்வுக்கு மாவட்ட மழைமானிகளின் நேரடிப் பதிவுகளும், அருப்புக்கோட்டை, ஸ்ரீவில்லிபுத்தூர், கோவில்பட்டி ஆகிய இடங்களிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையங்களின் பட்டறிவும் துணைசெய்யும். மாவட்ட எல்லையைக் கடந்து மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்ட நிலையங்களையும் தரவில் சேர்த்தல் இன்றியமையாதது. எல்லைக்குள்ளேயே தேடினால் காரியாபட்டியின் உண்மையான கூட்டாளிகள் தரவிலேயே இடம்பெறாமற் போகலாம். ஆய்வு முடிவை வெளியிடும்போது மாறிகள், தரப்படுத்தல், தொலைவளவை, கொத்துகளின் எண்ணிக்கை, சோதனை முடிவுகள் ஆகியவற்றை வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். அப்போதுதான், எந்த மழைமானியின் எண் எந்த உழவரின் இழப்பைத் தீர்மானிக்கிறது என்பதைப் பிறர் சரிபார்க்கவும் மறுக்கவும் இயலும்.